அத்தைக்கு ஒரு தேயிலைப் பெட்டி

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி படம் போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? அட்டைப் பெட்டிகளைப் படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, பூப்போட்ட காகிதம் சுற்றி வாசலில் வைத்திருந்தாள். 'செருப்புக் குவியலுக்கு என் கையாலேயே ஒரு வழி பண்ணிவிட்டேன்' என்று பெருமை வேறு. நீங்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளே போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, நீ மட்டும் ஏன் உம்முன்னு இருக்கே? என் பெட்டி நல்லா இல்லையா?"

பெட்டி நன்றாகத்தான் இருந்தது, தாயே. உன் பெட்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே கொல்கத்தா சால்ட் லேக்கில் என் மகள் வீட்டு வாசலிலும் செருப்புகள் குன்று மாதிரிதான் கிடக்கின்றன. தாண்டித் தாண்டித்தான் உள்ளே போகிறேன். அவளும் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாமளும் இப்படி ஒண்ணு பண்ணலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள்.

என் அப்பா எப்படிப் போனார் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வீடு இடிந்தபோது தங்கையைக் காப்பாற்ற உள்ளே ஓடியவர் என்று அன்றைக்கு லேக் மார்க்கெட் முழுக்கப் பேசினார்கள். நம் டீச்சர் வகுப்பில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி மௌனம் அனுசரித்தாள். உங்களுக்குத் தெரிந்தது அதில் பாதி. மீதிப் பாதியை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அந்த வீடு லேக் மார்க்கெட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கீழே மாஷிமா என்று நாங்கள் கூப்பிட்ட வங்காளி அம்மாள், இடுப்பு பிடித்துப்போய் கம்பை ஊன்றி நடப்பவர், தனியாக இருந்தார். மாடியில் நாங்கள். வீட்டுக்காரர் வேறெங்கோ இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். தெருக்கதவைத் திறந்தால் ஒரு குறுகலான நடை, நாலு எட்டில் மாடிப்படி. அந்த நடையில் என்னதான் இல்லை? மீட்டர் பலகை, மாஷிமாவின் கரி மூட்டை, அண்ணனின் சைக்கிள், உடைந்த நாற்காலி ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் நடுவே செருப்புகள். போதாததற்குப் படிக்கு அருகே தரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு மரத்தூண். உத்தரத்தில் விரிசல் கண்டதும் வீட்டுக்காரரின் கொத்தனார், நாங்கள் மிஸ்திரி என்போம், முட்டுக் கொடுத்துவிட்டுப் போனது அது. வெளிச்சுவரில் கார்ப்பரேஷன் போர்டு ஒன்றும் தொங்கியது. ஆபத்தான வீடு என்று வங்காளியில் எழுதியிருக்கும். "இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு இந்தப் போர்டு உண்டு, அதுக்காக மனுசன் ரோட்லயா கெடப்பான்?" என்பார் அப்பா.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கொல்கத்தாவில் பிறந்தாலும் வீட்டுக்குள் பேச்சு திருநெல்வேலிதான். அப்பாவுக்கு ஒரு தேயிலைக் கம்பெனியின் கிடங்கில் வேலை. அவர் சட்டையில் எப்போதும் தேயிலைத் தூள் மணக்கும். ஒழுங்கு என்றால் உயிரை விடுவார். ஒருநாள் காலை அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அண்ணன் செருப்பும் மாட்டிக்கொண்டு டிராம் ஏறிவிட்டார். ஆபீசில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமையே நான்கு காலித் தேயிலைப் பெட்டிகளைக் கைரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

நம் காலத்துத் தேயிலைப் பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே பளபளவென்று ஈயத்தாள். விளிம்பில் கை பட்டால் கிழித்துவிடும். அப்பா தகரத்தை எல்லாம் சுத்தியலால் தட்டி மடக்கினார். பெட்டிகளைப் படுக்கவைத்து, வாய் வெளிப்பக்கம் இருக்கும்படி, இரண்டின்மேல் இரண்டாக அடுக்கினார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பலகை. மேல்தட்டில் செருப்பு, கீழ்த்தட்டில் குடையும் மழைக்காலச் செருப்பும். ஆளுக்கு ஒரு பெட்டி. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த நடை அன்றைக்கு முதல்முறையாக நடையாகத் தெரிந்தது. மாஷிமாவே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "உன் அப்பாவுக்கு மூளை இருக்கு" என்று வங்காளியில் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அப்பா ஒரு சட்டமும் போட்டார். வெளியே போகிறவன் பெட்டி காலியாக இருக்கவேண்டும், உள்ளே இருப்பவன் பெட்டி நிறைந்திருக்கவேண்டும். செருப்பைப் பெட்டியில் வைக்காமல் எவரும் படியேறக் கூடாது. மாடியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "ஏட்டி, அண்ணன் வந்துட்டானா பாரு." நான் பாதிப் படி இறங்கி எட்டிப் பார்த்து, "செருப்பு இருக்கும்மா" என்று கத்துவேன். அண்ணனுக்குச் சோறு எடுத்துவைப்பாள். ஆளைத் தேடும் வழக்கமே எங்கள் வீட்டில் போய்விட்டது. எல்லாரும் பெட்டியைத்தான் கேட்டார்கள்.

அந்தப் பார்க்கிற வேலைக்கு நான்தான். எனக்குப் பத்து வயது, வாய் நீளம். செருப்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, அதில் சேறு இருக்கிறது, அண்ணன் குளத்துப் பக்கம் போயிருக்கிறான் என்று கூட்டிச் சொல்வேன். அண்ணன் அடி வாங்குவான். அப்பாவுக்கு அது பிடிக்காது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், கேட்டியா? கேக்காததச் சொன்னா அதுக்குப் பேரு கோள்" என்பார். இரண்டு தடவை காதையும் திருகியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகினேன்.

வைகாசியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஒரு தகரப் பெட்டியோடு ஹவுராவில் வந்து இறங்கினாள். அம்மாவுக்கு உள்ளுக்குள் கசப்பு, ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நாள் அத்தை தன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலேயே நின்றாள். நான்கு பெட்டிக்கும் ஆள் இருந்தது. "எங்கன வைக்கட்டும் மதினி?" என்று கேட்டாள். அம்மா, "அந்த ஓரமா போடு" என்றாள்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிப்போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் ஐந்தாவது பெட்டி வந்தது.

ஐந்தாவது பெட்டிக்கு இடம் இல்லை. மேலே அடுக்கினால் மீட்டர் பலகை இடிக்கும். பக்கத்தில் வைக்கலாம் என்றால் அந்த மரத்தூண். ஒரு சாண் நகர்ந்தால் போதும், பெட்டி கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அப்பா தூணைத் தட்டிப் பார்த்தார், அடியில் செருகியிருந்த ஆப்பைப் பார்த்தார், சுத்தியலை எடுத்தார். மாஷிமா தன் அறை வாசலிலிருந்து, "அதைத் தொடாதே பாபா, மிஸ்திரி வரட்டும்" என்றார். அத்தையும் கெஞ்சினாள். "எனக்குப் பெட்டியெல்லாம் எதுக்குண்ணே? ஓரமா போட்டுக்கிடுதேன்."

"சும்ம கெட. இந்த வீட்ல உனக்கும் ஒரு எடம் உண்டு. அத உன் மதினியும் பாக்கட்டும்."

ஆப்பைத் தட்டி எடுத்தார். தூண் லேசாக ஆடியது. அண்ணன் பிடித்துக்கொண்டான். ஒரு சாண் நகர்த்தி வைத்து மறுபடி ஆப்பை அடித்தார். அடிக்கும்போது மேலே உத்தரத்துக்குள் ஏதோ முனகியது. நான் கேட்டேன், அண்ணனும் கேட்டான். அப்பா கைத்தூசியைத் தட்டிவிட்டு அத்தையின் செருப்பைத் தானே எடுத்து ஐந்தாவது பெட்டியில் வைத்தார். அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

தேயிலைக் கிடங்கில் வேலை பார்ப்பவர் உத்தரத்து முட்டுத்தூணைத் தொடலாமா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது எங்களுக்கு அப்பா செய்தால் எல்லாம் சரி.

நான்கைந்து நாளில் செருப்புக்குள் மண் விழ ஆரம்பித்தது. மண் என்றால் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சிவப்புத் தூள். காலையில் பள்ளிக்கூடத்துச் செருப்பைக் கவிழ்த்தால் பொலபொலவென்று கொட்டும். முதலில் ஒரு சிட்டிகை. ஆனி மாதம் பிறந்தபோது ஒரு கைப்பிடி. அத்தையின் பெட்டியில்தான் அதிகம். "இது எங்கேருந்துண்ணே விழுது?" என்று அவள் கேட்டாள். அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "பழைய வீடுன்னா உதிரத்தான் செய்யும்" என்றார். அன்றைக்கே அம்மாவின் கிழிந்த சேலையை இரண்டாகக் கிழித்து, கம்பி கட்டி, பெட்டிகளுக்கு முன்னால் திரை போட்டார். மேலே ஒரு சாக்கும் விரித்தார். மண் விழுவது நிற்கவில்லை. எங்கள் செருப்பில் விழுவது நின்றது. அதோடு எல்லாருக்கும் நிம்மதி ஆகிவிட்டது, பாருங்கள்! எனக்கே இப்போது நம்ப முடியவில்லை. தலைக்கு மேல் கூரை உதிர்கிறது, நாங்கள் செருப்பைப் போர்த்திக்கொண்டிருந்தோம்.

மாஷிமா மட்டும் விடவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தி, "ராத்திரி இந்த வீடு பல்லைக் கடிக்குது, உனக்குக் கேட்கலையா?" என்பார். நான் மாடிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்வேன். "அந்த அம்மாவுக்குத் தூக்கம் கெடையாது. தனியாக் கெடந்தா எல்லாம் கேக்கும்" என்பாள் அம்மா.

இதற்கு நடுவில்தான் செருப்பு தொலைந்தது. அப்பா அத்தைக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார், பழுப்பு நிறம், குதிகாலில் சின்ன மேடு. அதைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம். கோயில் வாசலில் செருப்பு போவது உலகத்தில் நடக்காததா? நம்மில் எத்தனை பேர் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு சாமி கும்பிடப் போயிருக்கிறோம்! அத்தை வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு அன்று ஆபீசில் என்ன எரிச்சலோ தெரியாது. எங்கள் எல்லார் முன்னாலும், மாஷிமாவும் நின்றுகொண்டிருந்தார், அப்பா சொன்னார்:

"ஒரு சோடிச் செருப்பக் காப்பாத்தத் தெரியல. நீ எங்க போயி புருசனக் காப்பாத்தியிருக்கப் போற?"

சொன்ன மறுகணமே அவருக்கே உறைத்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தை நடைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு படியேறினாள். ஒவ்வொரு படியிலும் ஈரக்கால் பதிந்தது. அம்மாவுக்குக்கூட அன்று பொறுக்கவில்லை. "என்னங்க பேச்சு இது?" என்றாள். அப்பா மறுநாளே அதே மாதிரி இன்னொரு சோடி வாங்கிவந்து பெட்டியில் வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது. செருப்பாகத்தான் வந்தது.

அத்தை அதைக் கடைக்குப் போட்டுக்கொண்டு போவாள், என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போட்டுக்கொண்டு வருவாள். கோயிலுக்கு மட்டும் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செருப்பைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, திரையை இழுத்து மூடி, வெறுங்காலோடு போய்விட்டு வருவாள். ஒரு தடவை பாட்டில் துண்டு குத்தி ரத்தம் வந்தது. அப்பா பார்த்துவிட்டார். "வெறுங்காலோட தெருவுல நடக்காதன்னு சொன்னா கேக்க மாட்டியா? செருப்பு எதுக்கு, பாத்துக்கிட்டே இருக்கவா?" என்று சத்தம் போட்டார். அதற்கப்புறம் அவருக்குத் தெரியாமல்தான் போவாள். தெரிந்தவள் நான் ஒருத்திதான். "அண்ணன்ட்ட சொல்லிராத என்ன, என் தங்கம்லா" என்பாள். எனக்கு அது பெரிய பெருமை. கோள் சொல்லி என்று பெயர் எடுத்தவளை நம்பி ஒருத்தி ரகசியம் கொடுத்திருக்கிறாள் அல்லவா?

ஆடி பிறந்தது. அந்த வருடம் மழை எப்படிக் கொட்டியது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். இரண்டாவது வெள்ளிக்கிழமையோடு சேர்த்து மூன்று நாளாக விடாமல் பெய்தது. பள்ளிக்கூடம் இல்லை. டிராம் ஓடாததால் அப்பாவும் வீட்டில். சந்தில் முழங்கால் தண்ணீர். நடைக்குள்ளேயே கணுக்கால் அளவு வந்துவிட்டது. கீழ்வரிசைப் பெட்டிகள் ஊறி உப்பிவிட்டன. அடித்தட்டுச் செருப்புகளை எல்லாம் அப்பா மேல்தட்டுக்கு மாற்றி வைத்தார். ஊறிய பலகை நாற்றம், தேயிலை நாற்றம், மாஷிமா பொரித்த மீன் நாற்றம், எல்லாம் சேர்ந்து தொண்டையைப் பிடித்தது. மரத்தூண் தண்ணீருக்குள் நின்றது. காலையில் அப்பா அதன் ஆப்பைக் காலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "மழ விடட்டும், மிஸ்திரியக் கூப்பிட்டுறலாம்" என்றார்.

சாயங்காலம் நாலரை இருக்கும். நான் படியில் உட்கார்ந்து நோட்டுத் தாளில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன். அத்தை சத்தமில்லாமல் இறங்கி வந்தாள். தலையில் ஈரம், நெற்றியில் திருநீறு, கையில் ஒரு முழம் பூவும் குடையும். மத்தியானம் தலைவலி என்று பின்னறையில் படுத்திருந்தவள்.

"தண்ணியா இருக்கே அத்தை."

"ஆடி வெள்ளி, போகாம இருக்க முடியுமா? ஒரு எட்டுல வந்திருதேன். கோயிலுக்குப் போயிருக்கேன்னு உனக்கு மட்டும் தெரியும். அண்ணன்ட்ட சொல்லிராத, என்ன?"

தலையாட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கிப் போனாள்.

அரை மணி, முக்கால் மணி போயிருக்கும். முதலில் ஒரு செங்கல் என் கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. அப்புறம் உத்தரத்திலிருந்து நீளமாக ஒரு சத்தம். மாஷிமா அறைக்குள்ளிருந்து, "பேரியே எஷோ! ஷொபாய் பேரியே எஷோ!" என்று அலறினார். எல்லாரும் வெளியே வாருங்கள் என்று. அப்பா இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். என்னை ஒரே தள்ளாகத் தெருவில் தள்ளினார். அம்மாவும் அண்ணனும் ஓடிவந்தார்கள். அப்பா மறுபடி உள்ளே போய் மாஷிமாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். முழங்கால் தண்ணீரில், கொட்டுகிற மழையில் நின்றோம். வாசல் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுண்ணாம்புத் தூசி புகையாகத் தெரிந்தது.

அப்பா எண்ணினார். அம்மா, அண்ணன், நான், மாஷிமா.

"தங்கச்சி எங்க?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "தலவலின்னு பின்னறையில படுத்திருந்தா. ஐயோ, தூங்குதாளே!"

அப்பாவின் கண்ணாடியில் மழை வழிந்தது. கையில் மாஷிமா. வாசலுக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்றது நான். அவர் கேட்டார்:

"ஏட்டி, அத்த செருப்பு இருக்கா பாரு."

வாசலுக்குள் ஒரு கால் வைத்து, திரையின் முனையைப் பிடித்து இழுத்தேன். ஐந்தாவது பெட்டி. பழுப்புச் செருப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, நுனி வெளியே பார்த்தபடி இருந்தன.

"இருக்குப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். கேட்டதற்குப் பதில். அத்தை உள்ளே இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வீதியில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அத்தைக்குத் திட்டு விழும், எல்லார் முன்னாலும் அப்பா மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்வார் என்றுதான் முதலில் ஓடியது. அப்புறம்தான், அப்பா உள்ளே போகப்போகிறார் என்பது எட்டியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. வாயைத் திறந்தேன். அதற்குள் மாஷிமாவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அப்பா என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். "அப்பா" என்று கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது. மாடியிலிருந்து அவர் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கோபமாக இருந்தது, எழுந்திரிட்டி என்று சேர்த்துக் கூப்பிட்டார்.

பிறகு மாடிப்படியும் அதன்மேல் இருந்த அறையும் கீழே வந்தன.

இருட்டுவதற்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். மூச்சு இல்லை. அதை நான் விவரிக்கப்போவதில்லை.

எடுப்பதற்கு முன்பே அத்தை வந்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திருநீற்றுப் பொட்டலம் நனையாமல் இருக்க அதைக் கைக்குள் மூடிப்பிடித்திருந்தாள். "என்ன மதினி, என்ன ஆச்சு? அண்ணன் எங்க?" என்று கேட்டாள். அம்மா அவளைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தண்ணீருக்குள் காலைப் பார்த்தாள். என் அம்மா அன்றைக்குப் போட்ட அலறலை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை.

மறுநாள் வீட்டுக்காரரின் மிஸ்திரி இடிபாட்டைப் பார்க்க வந்தான். "முட்டு இங்கே இல்லையே நான் வெச்சது, யார் நகர்த்தினாங்க?" என்று கேட்டான். அண்ணன் தரையைப் பார்த்தான். மாஷிமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். செத்தவரைப் பற்றி யார் பேசுவார்கள்?

மூன்றாம் நாள், தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே வைத்துத்தான் அம்மா கேட்டாள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"போகும்போது ஒரு வார்த்த யார்ட்டயாவது சொல்லிட்டுப் போனியா?"

அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அம்மா மடிக்குப் பக்கத்தில். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது, ஐயோ வேண்டாம் என்றும் இருந்தது.

"இல்ல மதினி. யார்ட்டயும் சொல்லல" என்றாள் அத்தை.

"ஒரு வார்த்தட்டி. ஒரே ஒரு வார்த்த. என் தாலி அறுந்திருக்காதே."

"ஆமா மதினி. தப்புதான்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை போய்விட்டாள். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. அங்கேயே ஓர் அறை. அம்மா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. அண்ணன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, என் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. யாராவது அத்தை பேச்சை எடுத்தால், "புருசனையும் முழுங்குனா, அண்ணனையும் முழுங்குனா" என்பாள். நான் பக்கத்திலேயே இருப்பேன், கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? இல்லை. பரீட்சைக்குப் பிறகு சொல்லலாம், கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். உங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள் நான். இதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

அத்தையை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்ப்பேன். துர்கா பூஜைக்குச் சேலை வாங்கிக்கொண்டு போவேன். காபி போட்டுக் கொடுப்பாள், பிள்ளைகளைக் கேட்பாள், அம்மாவின் சர்க்கரை வியாதி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அம்மா கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே அத்தையிடம் போனேன். அவளுக்கு எழுபது ஆகியிருந்தது, கண் சரியாகத் தெரியாது. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அம்மாட்ட உண்மையச் சொல்லிரட்டுமா? நீங்க என்ட்ட சொல்லிட்டுத்தான் போனீங்கன்னு?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அட போட்டி, கூறுகெட்டவளே. இத்தன வருசம் அந்த மனுசி எழுந்து நடமாடினதே என் மேல இருக்க கோவத்துலதான். இப்பப் போயி நீ சொன்னா, சாகுற நேரத்துல பெத்த மவ மேலயா கோவப்படுவா? என்னையே திட்டிக்கிட்டுப் போகட்டும். எனக்குப் பழகிட்டு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்லவில்லை உங்களிடம், அப்பாடா என்றுதான் இருந்தது. காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.